இட்லிப் பானையில் வெந்த பம்பர்

வேலையில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் ரிஜெக்ட் செய்த பொருள்கள் எத்தனை என்று யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். (ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்.) அத்தனையிலும் ஒரே ஒரு ரிஜெக்ட்தான் தவறாகப் போனது. அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, யாரும் கூப்பிடாமல், நானாகப் போய்ச் செய்தது. அன்று நான் ரிஜெக்ட் செய்தது என் சொந்த மாப்பிள்ளையை. பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் பார்க்க.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வெளியிலிருந்து வரும் பொருள்களைச் சோதித்து உள்ளே விடும் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெரும்பாலும் இரும்பு கிளாம்ப்புகள். காருக்கு அடியில் ஓடும் குழாய்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சாதாரணப் பொருள். நேராக இருந்தால் உள்ளே போகும். வளைந்திருந்தால் அதன் நெற்றியில் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். இந்த வேலை மனிதனை என்ன செய்யும் என்பதற்கு என் மனைவி சரோஜாவைக் கேட்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. எங்கள் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை வேகத்தடை ஆறு. அதில் வெள்ளைக்கோடு உள்ளது ஒன்று. சரோஜா ஒரு ஈடுக்கு ஊற்றுவது பதினாறு இட்லி. இதையெல்லாம் நான் வேண்டுமென்று எண்ணுவதில்லை, அதுவாக எண்ணிக்கொள்கிறது. "உங்கள கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒரு வடை திருட்டுத்தனமா துன்ன முடியல" என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

என் மாப்பிள்ளை முத்துராஜ் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கார் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் வேலைக்கு வந்து, ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்து, என் மகள் ரேவதியைப் பார்த்து, பிடித்துப்போய், முறைப்படி பெரியவர்களை அழைத்துவந்து பெண் கேட்டவர். நல்ல பிள்ளை. மரியாதை அதிகம். எவ்வளவு அதிகம் என்றால், நான் உட்கார்ந்திருக்கும் அறையில் அவர் கால்மேல் கால் போட்டு நான் பார்த்ததில்லை. நான் எது சொன்னாலும் அவரிடமிருந்து வருவது இரண்டே சொல்: "சரிங்க மாமா."

இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் நான் கெட்டேன்.

ஷிப்டு வாழ்க்கை ஒத்துவரவில்லை என்று மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஒரகடம் சாலையில் தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்துக் கடை போட்டார். கார்களுக்கு பாடி கிட் செய்து மாட்டும் கடை. பாடி கிட் என்றால் வேறொன்றுமில்லை: காரின் முன்பக்கம் பம்பருக்குக் கீழே தாடை மாதிரி ஒரு பட்டை, இரண்டு பக்கவாட்டிலும் ஓரப்பட்டை, பின்னால் ஒன்று, டிக்கிக்கு மேல் வால் மாதிரி ஒன்று. ஆக ஐந்து. இவற்றை மாட்டினால் சாதாரணக் கார் கோபமாக எங்கேயோ போவது போலத் தெரியும்.

கடை திறக்கும்போதே மாப்பிள்ளை என் மகளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு மாதம் பார்ப்பது. அதற்குள் கடை நிற்கவில்லை என்றால் மறுபடியும் தொழிற்சாலை லைனுக்கே போய்விடுவது. பழைய சூப்பர்வைசரும் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நான் சொல்லப்போகும் கதை தொடங்கியபோது கடைக்கு ஐந்தாம் மாதம். என் மகளுக்கும் ஐந்தாம் மாதம். இரண்டில் ஒன்றுதான் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தது. கடையில் அதுவரை விற்றவை ஸ்டிக்கரும், டயருக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுக்கும் ரப்பரும்தான்.

"அவரு மறுபடி ராத்திரி சி ஷிப்ட் போனா, பகல்ல அவரு தூங்கச்சொல்லதான் கொழந்த அப்பா மூஞ்சைப் பாக்கும்" என்று ரேவதி ஒருநாள் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் தினமும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். உதவிக்கு. (உதவி என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டில் போகும் கார்களை எண்ணுவது.)

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போதுதான் டில்லிபாபு வந்தார். வல்லம் வடகால்காரர். குடும்ப நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைத்து முன்னுக்கு வந்தவர். வெள்ளைக் கார். இறங்கியதும் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"தோ பாரு முத்து, நாங்க பன்னெண்டு ஃபிரண்ட்ஸு. பன்னெண்டு பேருகிட்டயும் இதே வண்டி, இதே வெள்ளை. ஊர்த் திருவிழாக்கு வரிசையா வுட்டுக்கினு வரணும். மொதல்ல என்துக்குப் போடு. நல்லா கீதுன்னா மீதி பதினொண்ணும் உன்கிட்டதான்."

"என்ன மெட்டீரியல்ல போடட்டும் அண்ணே?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? நீ பாத்து நல்லதாப் போடு. ஆனா ஒண்ணு, ஒடையக்கூடாது. எங்க ஊரு ஸ்பீட் பிரேக்கர் மேடு தெரியும்ல? லாரியே அழுவும்."

பதினொன்று! நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். டில்லிபாபு போனதும் மாப்பிள்ளையிடம் கேட்டேன், இதில் எத்தனை வகை மெட்டீரியல் உண்டு என்று.

"மூணு மாமா. ஃபைபர் இருக்கு, கண்ணாடி இழையில பசை ஊத்திச் செய்யறது. ஏபிஎஸ்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு. அப்புறம் பியூ, ரப்பர் கணக்கா இருக்கும். நான் பியூ போடலாம்னு..."

"இருங்க மாப்ள. அவசரப்படாதீங்க. மூணுலயும் கையகலம் ஒரு துண்டு குடுங்க. நான் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் தரேன்."

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரிங்க மாமா."

அந்த மூன்று துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது எனக்கு இருபது வயது குறைந்திருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாக என்னிடம் யாரும் எதையும் சோதிக்கக் கொடுக்கவில்லை. (சரோஜா சாம்பாரில் உப்புப் பார்க்கக் கூடக் கொடுப்பதில்லை. கொடுத்தால் மூன்று தடவை கேட்கிறேனாம்.)

ஐந்து சோதனைகள் வகுத்தேன். முதலில் எடை; சமையலறைத் தராசில் முடிந்தது. அடுத்தது வெயில், மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் மூன்று நாள். மூன்றாவது உயரத்திலிருந்து போடுவது. மாடியிலிருந்து சிமென்ட் தரைக்கு ஒவ்வொன்றையும் பத்து முறை, ஆக முப்பது முறை போட்டேன். பன்னிரண்டாவதிலேயே பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"சார், மேலேர்ந்து இன்னா சார் போட்டுக்கினே கீறீங்க?"

"டெஸ்ட் சார். இன்னும் பதினெட்டுதான்."

நான்காவது சூடு தாங்கும் சோதனை. அதற்கு நூறு டிகிரி வேண்டும். நூறு டிகிரி எங்கே கிடைக்கும்? சரோஜா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்று துண்டுகளையும் இட்லித் தட்டில் வைத்து, பானையை மூடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து நிமிடம். ஏபிஎஸ் துண்டு லேசாக முதுகு வளைத்துக்கொண்டது. பியூ துண்டு அப்பளம் மாதிரித் துவண்டது. ஃபைபர் துண்டு மட்டும் உள்ளே போனது போலவே விறைப்பாக வெளியே வந்தது. எனக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று. குணத்தில் ஏதோ ஒற்றுமை இருந்திருக்க வேண்டும்.

சரோஜா வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா நாத்தம் இது? இட்லிப் பானைல இன்னா வெச்சீங்க?"

"பம்பர்."

அவள் பானையை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் செடி வைத்துவிட்டாள். இப்போது அதில் கற்றாழை இருக்கிறது.

ஐந்தாவது வளைக்கும் சோதனை. பியூ துண்டை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். மடங்கியது. விட்டால் நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினால் மறுபடி மடங்கியது. கூச்சமே இல்லாமல். முப்பத்திரண்டு வருடத்தில் வளைந்த ஒரு பொருளை நான் பாஸ் செய்ததில்லை. அறிக்கையில் எழுதினேன்: "பியூ: ஃபெயில். ஏபிஎஸ்: திருப்தி இல்லை. ஃபைபர்: பாஸ். எனவே ஃபைபரையே பயன்படுத்துக." நான்கு பக்கம், கோடு போட்ட தாளில், கார்பன் பேப்பர் வைத்து இரண்டு பிரதி. ஒன்று மாப்பிள்ளைக்கு, ஒன்று என் கோப்புக்கு.

மாப்பிள்ளை நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி, "முழுசாப் படிங்க" என்றேன். படித்து முடித்தார். அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரிங்க மாமா."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மட்டும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழைய கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வண்டியை ஏனோ தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. தலைவலியோ என்று நினைத்து மோர் கொடுத்து உட்காரவைத்து, ஃபைபரின் உறுதியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன். இருபத்தேழு தடவை தலையாட்டினார். எண்ணினேன்.

டில்லிபாபுவின் கார் தயாராகும் நாள் வந்தது. மாப்பிள்ளை ரேவதிக்குக் கொடுத்த ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். "பத்து மணிக்கு வாங்க மாமா, பூஜை போட்டு வண்டியக் குடுத்துரலாம்" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். உண்மையில் பூஜை ஒன்பது மணிக்கு. நான் வருவதற்குள் வண்டி வடகால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் திட்டம் போட்டிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை. பத்து மணி என்றால் எட்டே முக்காலுக்கு வந்து நிற்கிறவன் நான். பெற்ற மகளுக்கு அது ஞாபகம் இருந்திருக்க வேண்டாமா?

போனபோது கடை வாசலே திருவிழாவாக இருந்தது. பதினொரு வெள்ளைக் கார்கள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவது, டில்லிபாபுவினுடையது, கடை முன்னால் மாலை போட்டுக்கொண்டு நின்றது. நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம். நண்பர்களில் ஒருவர், நல்ல உயரம், சுற்றிப் போடுவதற்கு ஒரு பெரிய பூசணிக்காயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். உள்ளே மாப்பிள்ளையும் ரேவதியும் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நேரம் இருந்தது. பையில் சிவப்பு மார்க்கரும் இருந்தது. (ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். எப்போதும் இருக்கும்.) காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

பெயிண்ட் அற்புதம். இடைவெளி எல்லாப் பக்கமும் சமம். மனசு நிறைந்து, மோதிர விரலால் முன்பக்கத் தாடையை ஒரு தட்டுத் தட்டினேன். ஃபைபர் என்றால் 'டண்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றது.

மறுபடி தட்டினேன். தொப்.

கட்டை விரலால் அழுத்தினேன். உள்ளே போய், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. எங்கேயோ பார்த்த கூச்சமின்மை. இட்லிப் பானையிலிருந்து வந்த அதே ஆள்தான்!

அந்த நிமிடத்தில் நான் மாமனாராக இல்லை. கை தானாக மார்க்கரைத் திறந்தது. பளபளக்கும் வெள்ளைத் தாடையின் நட்டநடுவில், சுமார் ஒரு சாண் அகலத்துக்கு, சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"இன்னா பெருசு, வண்டிக்குப் பொட்டு வெக்கிறியா?" என்று பூசணிக்காய்க்காரர் சிரித்தார்.

நான் எழுந்து நின்று, இன்ஸ்பெக்‌ஷன் குரலில் அறிவித்தேன்: "இந்த வண்டியை யாரும் எடுக்கக்கூடாது. ரிஜெக்ட்!"

சிரிப்பு நின்றது. டில்லிபாபு முன்னால் வந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தன் காரின் முகத்தைப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? யாருய்யா நீ?"

"கடைக்காரரோட மாமனார். முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டர். உங்க வண்டியில மாட்டியிருக்கறது என் டெஸ்ட்ல ஃபெயிலான மெட்டீரியல்." பையிலிருந்து கார்பன் பிரதியை எடுத்தேன். "பக்கம் மூன்று, இரண்டாவது பத்தி. படிக்கிறேன் கேளுங்க."

உண்மையாகவே படித்தேன். கடவுளே, முழுப் பத்தியையும் படித்தேன்.

அதற்குள் மாப்பிள்ளை கற்பூரத் தட்டோடு வெளியே வந்துவிட்டார். டில்லிபாபு அவரைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னா முத்து, ஃபெயிலானதையா என் வண்டில மாட்டி வெச்சுக்கீறே? உன் மாமனாரே சொல்றாரு. நம்பித்தானே வுட்டேன்?"

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "மாமா, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

"எதுக்கு உள்ளே? எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க. ஃபைபர் போடறேன்னு என்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் மாமா."

"போட்டீங்களா?"

"இல்லங்க மாமா."

அவ்வளவுதான். என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசினால் அவர் பிழைத்துக்கொள்ளலாம். பேசவில்லை. பெண்ணைக் கொடுத்தவனை நாலு பேர் முன்னால் தவறு என்று சொல்லக்கூடாது என்று அவர் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். நாசமாய்ப் போன மரியாதை!

"வாங்கடா போலாம்" என்றார் டில்லிபாபு. ஒரு கார் கதவு திறந்தது. இரண்டாவது திறந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று, நான்கு. பூசணிக்காய்க்காரருக்கு மட்டும் காயைக் கீழே வைப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியவில்லை. ஐந்தாவது கதவு திறந்தபோதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தது கார்க் கதவுகளை அல்ல. என் மகள் அம்மாவிடம் சொன்னாளே, அந்தச் சி ஷிப்டு ராத்திரிகளை.

அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். ரேவதி, அந்த வயிற்றோடு, ஒரு கோணி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். என் காலடியில் கொட்டினாள். வெள்ளையும் கறுப்புமாகச் சில்லுச் சில்லாக என்னவோ விழுந்தது.

"எண்ணுப்பா" என்றாள்.

"என்ன இது?"

"நீ மொதல்ல எண்ணு."

என்னிடம் ஒன்றைக் கொட்டி எண்ணு என்றால் என் கோபம் கூட ஓரமாக நின்று காத்திருக்கும். உட்கார்ந்து எண்ணினேன். பன்னிரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

"இருபத்து மூணு."

"அதுதான் உன் ஃபைபரு. நீ ரிப்போர்ட் குடுத்த மறுநாளே உக்காந்து ஒண்ணு செஞ்சாரு. அண்ணன் வண்டில போடறதுக்கு முன்னாடி தன் வண்டில மாட்டிப் பாக்கறேன்னு மாட்டினாரு. அன்னிக்கு ஞாயித்துக்கெழம உன்னைப் பாக்க வரச்சொல்ல, மெயின் ரோட்லேர்ந்து ரெண்டாவது மேட்டுல அடி வாங்கி இப்படி ஆயிடுச்சு. பொறுக்கி டிக்கில போட்டுக்கினு, வண்டியத் தெருமொனையிலயே வுட்டுட்டு வந்து உக்காந்தாரு. நீ அவருக்கு ரெண்டு மணி நேரம் ஃபைபர் எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு கிளாஸ் எடுத்த."

இருபத்தேழு தலையாட்டல்களும் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து போயின.

"கையகலத் துண்டு ஒடையல..." என்றேன்.

"கையகலத் துண்டு ஒடையாது மாமா" என்றார் மாப்பிள்ளை, மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி. "நாலடி நீளம், நடுவுல அடி வாங்குதுல்ல, அப்பதான் ஒடையும். ரோட்டுல எதுலயாச்சும் இடிச்சா வளைஞ்சு திரும்பணும். கிளாம்ப்புக்கு நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிதான்."

இந்த நிலையிலும் எனக்கு நூற்றுக்கு நூறு போட்டார் பாருங்கள்.

டில்லிபாபு சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்போ, என் வண்டிக்குப் போடறதுக்கு முன்னாடி உன் வண்டில போட்டு ஒடைச்சுப் பாத்துருக்கே?"

"ஒடைக்கணும்னு போடல அண்ணே. ஒடைஞ்சுருச்சு."

"எதுவா இருந்தா இன்னா." அவர் நண்பர்கள் பக்கம் திரும்பினார். "டேய், இப்பவே நம்மூரு மேட்டுல ஏத்திப் பாத்துடலாம். ஒடஞ்சா வண்டியத் திருப்பிக் கொணாந்து இங்கயே வுட்டுடறேன். பெருசு, நீயும் வா. நீதானே இன்ஸ்பெக்டரு."

பன்னிரண்டு வெள்ளைக் கார்கள் வரிசையாக வடகாலுக்குப் போயின. முதல் கார், தாடையில் சிவப்புப் பெருக்கல் குறியோடு. அதன் முன் சீட்டில் நான். வழியில் வேகத்தடை எத்தனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் நான் எண்ணாமல் போன ஒரே ரோடு அது.

வடகால் மேடு ஊர்க்காரர்களே தார் ஊற்றிக் கட்டியது. கம்பெனி லாரிகள் மேல் இருந்த அத்தனை கோபத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என்னை இறக்கி ரோட்டோரம் முட்டிபோட வைத்தார்கள், கீழே இடிக்கிறதா என்று பார்க்க. ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். "யாருக்கு வேண்டுதல்?" என்று ஒரு அம்மாள் கேட்டது காதில் விழுந்தது.

டில்லிபாபு குறைக்காமல் வந்தார். தாடை மேட்டில் இடித்தது. 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் கண்ணெதிரே அது உள்பக்கமாக மடங்கியது; முன் சக்கரம் மேட்டில் ஏறியதும் எதுவும் நடக்காதது போல நிமிர்ந்தது. என் பெருக்கல் குறி ஒரு தடவை சுருங்கி விரிந்தது. கண்ணடித்தது போல இருந்தது.

ரிவர்ஸில் ஒரு தடவை, மறுபடி முன்னால் ஒரு தடவை. மூன்று முறை. அடியில் கீறல் ஒன்று, விரல் நீளம். வேறு ஒன்றும் இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் எங்கேயோ பார்த்தார்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. தவறாக ரிஜெக்ட் செய்துவிட்டால் குறியை அழிக்கக்கூடாது. அதற்குக் கீழேயே 'மறு ஆய்வு, சரி' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். தவறு செய்தவன் பெயர் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. நான் மார்க்கரைத் திறந்தேன். டில்லிபாபு "யோவ், மறுபடியுமா!" என்று கத்துவதற்குள் முட்டிபோட்டபடியே எழுதி, தேதியிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

டில்லிபாபு குனிந்து படித்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பூசணிக்காய்க்காரருக்கு அப்போதுதான் விடுதலை. "பெருசுக்கும் சேத்து சுத்துடா" என்றார் டில்லிபாபு. அவர் காரையும் என்னையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, காயை அந்த மேட்டின் மேலேயே போட்டு உடைத்தார்.

பதினொன்றில் ஒன்பது கார்கள் வந்தன. ஒருவர் காரையே விற்றுவிட்டார். இன்னொருவர் வீட்டில் அனுமதி இல்லை. ஒன்பது போதுமானதாக இருந்தது. ஒன்பதாவது முடிவதற்குள் வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் போய், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி மாப்பிள்ளை சொல்லிவிட்டு வந்தார்.

பூசணிக்காய் உடைத்த அன்று, கடைக்குத் திரும்பியதும் மாப்பிள்ளையைத் தனியாகக் கேட்டேன்.

"ஏன் மாப்ள, அன்னிக்கு ஞாயித்துக்கெழமையே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படி மாமா சொல்லுவேன்? நாலு பக்கம் எழுதியிருந்தீங்க. கோடெல்லாம் போட்டு."

"இனிமே நான் சொல்றது தப்புன்னா மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லிடணும், என்ன?" என்றேன் கண்டிப்பாக.

"சரிங்க மாமா" என்றார்.

உள்ளே கல்லாப்பெட்டி அருகில் உட்கார்ந்திருந்த ரேவதி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் பயந்துபோய் சரோஜாவுக்கு போன் செய்தேன். சரோஜாவிடம் விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே அவளும் ஆரம்பித்துவிட்டாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது கடையில் எனக்கு முறையான வேலை ஒன்று உண்டு. வண்டி வெளியே போவதற்கு முன் நான் வந்து கட்டை விரலால் அழுத்த வேண்டும். வளையாவிட்டால் ரிஜெக்ட். மார்க்கர் மட்டும் தருவதில்லை, சாக்பீஸ்தான். டில்லிபாபுவின் கார் இன்னும் ஓடுகிறது. இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் முன் தாடையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரகடம் பக்கம் வெள்ளைக் கார் ஒன்றின் முகத்தில் சிவப்புப் பெருக்கல் குறியும், கீழே ஒரு கையெழுத்தும் கண்டால், அது அடியேன்தான்.

வீட்டில்தான் பிரச்சினை. "சரிங்க மாமா" என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பதிலாகவே ஆகிவிட்டது. இரண்டு கிலோ மட்டும் வாங்கு என்று நான் சொன்னால் சரோஜா, "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஐந்து கிலோ வாங்குகிறாள். சாயங்காலம் சீக்கிரம் வா என்று சொன்னால் ரேவதி போனில் அதையே சொல்கிறாள். மாப்பிள்ளை ஒருவர்தான் அதை இன்னும் அதே பழைய மரியாதையோடு சொல்கிறார். அவர் சொன்னதும் மற்ற இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அன்று வயிற்றில் இருந்த பேத்தி யாழினிக்கு இப்போது மூன்றரை வயது. போன வாரம் அவளுக்குக் காலையில் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். புதுப் பானையில் வெந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. நீ துன்னது ஒண்ணரைதான். தாத்தா எண்ணிக்கினுதான் இருக்கேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, கைகட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"சரிங்க மாமா."

நான் அவளுக்கு மாமா இல்லை. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.